அமானிதம் பழுதானால் ஈடு யார்மேல்?

பிறர் பொருள் நம் கையில் இருக்கும் காலமெல்லாம் அது அமானிதம். அதனை உரியவரிடம் ஒப்படைக்கும் கடமையைத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 58-ஆம் வசனம் நம்மீது விதித்துள்ளது. எனினும், ஒப்படைக்கும் முன்னரே அப்பொருள் சேதமுற்றால் ஈடு தர வேண்டியவர் யார்? ஃபிக்ஹு அறிஞர்கள் ‘ளமான்’ என்னும் தலைப்பில் நுணுகி ஆராய்ந்த இவ்வினா, இன்று மோட்டார் பட்டறையின் வாயிலில் வந்து நிற்கிறது.

அண்மையில் காரைக்குடி அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். தம் காரைப் பராமரிப்புக்காக விற்பனை நிறுவனம் ஒன்றில் விட்டிருந்தார். வேலை முடிந்தபின் சோதித்துப் பார்க்க ஓட்டிச் சென்ற இளைஞர், திருப்பத்தூர் சாலையில் மரத்தில் மோதிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்! வண்டியின் முன்புறம் நொறுங்கிவிட்டது. “உங்கள் இன்சூரன்சில் பெற்றுக்கொள்ளுங்கள், குறைவதைப் பையனின் சம்பளத்தில் பிடித்துத் தருகிறோம்” என்றனராம் நிறுவனத்தார். இது முறைதானா என்று கேட்டார் அன்பர்.

நம் முன்னோர் காலத்தில் கார் இல்லை. ஆனால் துணி வெளுப்பவர் இருந்தார், சாயம் தோய்ப்பவர் இருந்தார், பொற்கொல்லர் இருந்தார். ஒருவருக்கு மட்டும் உழைப்பவரை ‘அஜீர் காஸ்’ என்றும், ஊரார் பலருக்கும் வேலை செய்து கொடுப்பவரை ‘அஜீர் முஷ்தரக்’ என்றும் பிரித்தனர். பின்னவர் கைவினையால் பொருள் கெட்டால் அவரே ஈடு தர வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில், வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தாலன்றி ஈடு இல்லை. ஆயினும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், தீய கைவினைஞர்கள் துணிவு கொள்வரோ என்றஞ்சி இக்கருத்தை வெளிப்படையாகக் கூறாதிருந்தார்கள் என அவர்களின் மாணவர் அர்ரபீஉ அறிவிக்கிறார். மக்களின் நலனை முன்னிட்டு அலீ (ரலி) அவர்கள் கைவினைஞர்களை ஈட்டுக்குப் பொறுப்பாக்கினார்கள் என்னும் செய்தியும் உண்டு.

நம் வினாவுக்கு நேர்விடை இன்னொரு மஸ்அலாவில் உள்ளது. வெளுப்பவரிடம் கூலிக்கிருக்கும் பணியாள், சொன்னபடியே துணியைக் கல்லில் அடிக்கையில் அது கிழிந்துவிட்டால், ஈடு பணியாளின் மேல் அன்று. எஜமானர்மேல் என்கின்றனர் ஹனஃபீ அறிஞர்கள். வேலையை ஏற்றவர் அவர். ஊதியத்தைப் பெறுபவரும் அவர். ஏவலை மீறித் தன் விருப்பத்திற்குச் செய்தாலே பணியாள் ஈட்டுக்குள்ளாவான்.

நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவில், பிறர் பொருளை ஏற்றவர் தம் பொருளைப்போல் அதனைப் பேண வேண்டும் என்கிறது. 1998-இல் தில்லி தாஜ்மகால் ஓட்டலில் பணியாளிடம் ஒப்படைத்த கார் களவு போயிற்று. ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என அச்சிட்ட சீட்டைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டறைச் சீட்டின் அடியில் பொடியெழுத்தில் உள்ள அதே வாசகத்தை நம்பி அஞ்சுவோர் இதனை அறிக. இங்கிலாந்தின் 1935-ஆம் ஆண்டு வழக்கு இன்னும் நெருங்கியது. பழுது பார்க்க விட்ட காரை நிறுவனத்தின் மேலாளர் தம் சொந்தக் காரியத்துக்கு ஓட்டிச் சென்று மோதினார். அப்போதும் நிறுவனமே ஈடு தர வேண்டியதாயிற்று.

ஆகவே அன்பருக்கு நாம் கூறியது இது: நிறுவனமே ஈடு தர வேண்டும். தம் இன்சூரன்சைப் பயன்படுத்தினால் அவருடைய ‘நோ க்ளெய்ம் போனஸ்’ பறிபோகும். பிறர் செய்த சேதத்துக்கு அவர் ஏன் அதனை இழக்க வேண்டும்? பழுது நீக்கும் செலவோடும் கணக்குத் தீராது. மோதிய கார் சீராக்கப்பட்டாலும் சந்தையில் விலை குறையும்; சேதமற்ற பொருளின் மதிப்புக்கும் சேதமுற்றதன் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஈடாகக் கணக்கிடுவது ஃபிக்ஹில் அறியப்பட்ட முறை. இணங்கிப் பேசித் தீர்ப்பதே அழகு. இணங்காவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு.

அந்த இளைஞரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் போதையில் ஓட்டினாரா, களியாட்டத்துக்கு எடுத்துச் சென்றாரா? அவ்வாறாயின் நிறுவனம் அவரிடம் கணக்குக் கேட்கலாம். ஏவிய வேலையைச் செய்கையில் நேர்ந்த பிசகு எனில், பல மாதக் கூலியை அதற்காகப் பிடிப்பது நீதியாகாது. விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்காமல் சேதத்துக்காகக் கூலியைக் குறைக்க ஊதியச் சட்டமும் இடந்தரவில்லை. போதிய பயிற்சியின்றி ஒருவர் கையில் சாவியைக் கொடுத்தது யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

இலாபம் வரும்போது “எங்கள் நிறுவனம்” என்பதும், நட்டம் வரும்போது “அந்தப் பையன்” என்பதும் வாணிப அறம் அன்று. ஆதாயம் எவருக்கோ, பொறுப்பும் அவருக்கே.