ரோன் நதியோரம் ஓர் இளைஞன்

ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து இறங்கும் ரோன் நதி ஜெனீவா ஏரியை அடைவதற்குச் சற்று முன், அதன் வலக்கரையில் ஏகிள் என்னும் சிற்றூர் உள்ளது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில், நம்முடன் குருமடத்தில் பயின்று இன்று சுவிட்சர்லாந்தில் பணிபுரியும் குரு ஒருவரின் அழைப்பின் பேரில் அங்குச் சென்றிருந்தோம். திராட்சைத் தோட்டங்களின் நடுவே பழங்கோட்டை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. புகைவண்டி நிலையத்திலிருந்து மூன்று சிறு இரயில்கள் மலைகளுக்கு ஏறுகின்றன. அவற்றுள் ஒன்று செல்லும் லெசேன் என்னும் ஊரில்தான், 1903 முதல் ரொலியே என்னும் மருத்துவர் காசநோயாளரை வெயிலில் கிடத்திச் சிகிச்சை அளித்தார்.

இன்று இந்தப் பள்ளத்தாக்கிற்கு வருவோரில் பலர் நோயாளர் அல்லர். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர். அனைத்துலக மிதிவண்டிச் சங்கத்தின் தலைமையகமும் பயிற்சி நிலையமும் 2002 முதல் ஏகிளில் இயங்குகின்றன. உள்ளே 200 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தாலான ஓடுதளம். வசதியற்ற நாடுகளிலிருந்து இளைஞரைத் தெரிந்து அழைத்து வந்து, தங்கவைத்துப் பயிற்றுவிக்கின்றனர். 2024ஆம் ஆண்டின் பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டை அணிந்த எரித்திரிய வீரர் பினியாம் கிர்மாய் இங்குப் பயின்றவரே.

ஞாயிறன்று, நதியின் மேற்புறம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென் மோரிஸ் துறவுமடத்தில் திருப்பலி கண்டோம். சிகிஸ்மந்து அரசர் 515இல் நிறுவிய மடம் இது. செங்குத்தான பாறையின் அடிவாரத்தில் ஒட்டினாற்போல் நிற்கிறது. 1942இல் அப்பாறையே பெயர்ந்து விழுந்து மணிக்கூண்டை இடித்ததாம். எகிப்து நாட்டுத் தீபையிலிருந்து வந்த புனித மவுரீசியாரும் அவருடைய போர்வீரரும் விசுவாசத்திற்காக இவ்விடத்தில் உயிர் துறந்தனர் என்பது மரபு. பனிமலை நாட்டின் பெரும்புனிதர் ஓர் ஆப்பிரிக்கர் என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, சுவரோரம் மிதிவண்டியைப் பிடித்தபடி ஒரு கறுப்பின இளைஞன் நின்றான். வயது இருபதிற்குள் இருக்கும். ருவாண்டா நாட்டினன், மலை மிதிவண்டிப் பயிற்சிக்காக ஏகிளுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆயினவாம். நமக்கும் பிரெஞ்சு வராது, அவனுக்கும் வராது. 2008க்குப் பின் அவன் நாட்டுப் பள்ளிகள் ஆங்கிலத்திற்கு மாறிவிட்டனவே! ஆகவே ஆங்கிலத்திலேயே உரையாடினோம்.

"தந்தையே, ஏறுவதை என் ஊரிலேயே கற்றேன். இறங்குவதைத்தான் இங்கே கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

அதன் பொருளைப் பிறகு விளக்கினான். மலை மிதிவண்டிப் பந்தயம் சாலையில் நடப்பதன்று. காட்டுப்பாதையில் சில கிலோமீட்டர் நீளமுள்ள வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம். நனைந்த வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்த இறக்கத்தில் தடைக்கட்டையை அழுத்தினால் விழுவான், அழுத்தாவிட்டாலும் விழக்கூடும். குறித்த இடத்திலன்றி எவரும் அவனுக்கு உதவ இயலாது. வந்த இரண்டாம் மாதமே தோள்பட்டை எலும்பு முறிந்ததாம். அதை அவன் தாய்க்கு இன்றுவரை சொல்லவில்லை. (இங்கு நாம் சற்றுக் கடிந்துகொண்டோம். அவன் சிரித்தான்.)

ஆனால் அவனை வருத்தியது எலும்பன்று. அந்தச் செப்டம்பரில் சாலை மிதிவண்டி உலகப் போட்டி முதன்முறையாக ஆப்பிரிக்கக் கண்டத்தில், அவனுடைய கிகாலி நகரிலேயே நடைபெற்றது. அவன் தாய் தெருவோரம் நின்று பார்த்தாள். அவனோ ஏகிளில் அறைக்குள் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தான். "என் வீட்டுத் தெருமுனை தெரிந்தது, தந்தையே" என்று சொல்லிச் சற்று நிறுத்தினான். 1994 படுகொலையில் ஆறு சகோதரரை இழந்தும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக் கொடியை ஏந்தி மலை மிதிவண்டியில் 39ஆம் இடம் பெற்ற ஏட்ரியன் நியோன்ஷுதியைப் பற்றிப் பெருமையோடு பேசினான். தனக்கு மறுவருடமும் இங்கு இடமுண்டா என்பது அந்த வாரத்தில்தான் முடிவாகும் என்றான்.

பின்பு தயங்கித் தயங்கி வினவினான்: "பந்தயங்கள் ஞாயிறு காலையில் வருகின்றன. திருப்பலி தவறிப்போகிறது. நான் பாவம் செய்கிறேனா?"

சனி மாலைத் திருப்பலியாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே உள்ளது என்றோம். ஏழு மாதமாக ஒருவரும் இதை அவனுக்குச் சொல்லவில்லையே என்றெண்ணியபோது, குருக்களாகிய நம்மீதே நமக்கு வருத்தம் உண்டாயிற்று. கோமோ ஏரிக்கு மேலுள்ள கிசால்லோ மாதாவை 1949இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டியோரின் பாதுகாவலியாக அறிவித்ததையும் சொன்னோம். உடனே வண்டியை முன்னே தள்ளி, "அப்படியானால் இதை மந்திரியுங்கள்" என்றான். நம்மூரில் புதுவண்டி வாங்கியோர் கேட்பது போலவே இருந்தது! தீர்த்தம் கைவசம் இல்லை. சிலுவை வரைந்து செபித்தோம். மணிக்கூண்டும் வண்டியும் சேர்ந்து தெரியும்படி புகைப்படம் எடுக்கச் சொன்னான், தாய்க்கு அனுப்ப. தோளை மறைத்துக்கொண்டு நின்றான்.

திருவருகைக் காலத்தில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. அவனுக்கு அடுத்த கோடைவரை இடம் கிடைத்துள்ளதாம். சனி மாலைத் திருப்பலிக்கு வருகிறான். காலணியில் சேறு இருப்பதால் கடைசி இருக்கையிலேயே அமர்கிறான் என்று எழுதியிருந்தார்.