உடைந்த பானை யார் கணக்கில்?

அக்கா மகள் டிசைன் படிக்கிறாள். "மாமா, மானாமதுரையில மண்பாண்டப் பட்டறைங்களைப் பார்த்து ப்ராஜெக்ட் பண்ணணும். துணைக்கு வர்றீங்களா?" என்றாள். நான் பி.காம். பானையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பொங்கலன்று அது பொங்கும் என்பதுதான். இருந்தாலும் மூன்று தடவை போய் வந்தேன்.

முதல் தடவை, கடம் செய்யும் வீடு. சக்கரத்திலிருந்து இறங்கினவுடன் கடம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டு, தட்டு என்று தட்டுகிறார்கள். சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் வித்வான் இந்தப் பக்கம் தட்டினால் ஒரு சுருதி, அந்தப் பக்கம் தட்டினால் வேறு சுருதி! வீணையென்றால் பிருடையைத் திருகலாம். சூளையில் வெந்த கடத்தில் எதைத் திருகுவது? இந்த ஊரில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் 2014-ல் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினார் என்றால் சும்மாவா?

"ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கு மாமா" என்று அக்கா மகள் சிலிர்த்தாள். சிலிர்த்த கையோடு, இரண்டாம் தடவை, பானைப் பட்டறைப் பெரியவரிடம் ஒரு படத்தை நீட்டினாள். சதுரமான தண்ணீர்ப் பானை! ஃப்ளாட்டில் இடம் அடைக்காதாம்.

பெரியவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மூலை வச்சா, காயறப்ப அங்கதான் கீறும் ஆத்தா. சரி, செஞ்சு பார்ப்போம்" என்றார்.

ஆறு பானை செய்தார். மூன்றாம் தடவை போனபோது நாலு கீறல், இரண்டு பாஸ். "சக்சஸ் மாமா!" என்று குதித்தாள். அவளுக்கு மார்க் உறுதி. எனக்குள் இருந்த பி.காம். மட்டும் குதிக்கவில்லை. ஆறு பானைக்கு மண், கூலி, விறகு, சூளையில் அடைத்த இடம்... இதெல்லாம் யார் கணக்கில்?

காஸ்ட்டிங் பாடத்தில் சாதாரண நஷ்டம், அசாதாரண நஷ்டம் என்று இரண்டு உண்டு. இது இரண்டிலும் சேராது. பெரிய கம்பெனி என்றால் 'ஆராய்ச்சிச் செலவு' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கும். பெரியவர் எங்கே எழுதுவார்?

"ஏன் ஐயா காசு கேட்கலை?" என்றேன்.

"படிக்கிற புள்ளைகிட்ட எப்படித் தம்பி கேக்கிறது?"

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை வேறு ஊர்க்காரர் திருட முடியாது. நல்ல விஷயம். ஆனால் புதுசாக ஒன்றைச் செய்து பார்த்து உடைந்தால் யார் பொறுப்பு என்பதற்கு அதில் பதில் கிடையாது. பாரம்பரியக் கைத்தொழிலுக்குப் புது டிசைன் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த முதல் ஆறு பானைக்கு ஒரு பில் போட்டால் தேவலை.

அக்கா மகள் புத்திசாலி. ஆறுக்கும் எண்ணிப் பணம் கொடுத்தாள். ப்ராஜெக்ட்டில் 'மாதிரிச் செலவு, மாணவர் பொறுப்பு' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டாள்.

பெரியவரும் கணக்கில் கறார். "காசு குடுத்தாச்சுல்ல? ஆறும் உன்னுதுதான்" என்று கீறல் பானைகளையும் கட்டிக் கொடுத்துவிட்டார். மதுரை வரை நாலும் என் மடியில்! இப்போது அக்கா வீட்டு மாடியில் அதில் கறிவேப்பிலை ஜோராக வளர்கிறது. தண்ணீர் வடியத் தனியாக ஓட்டை போடவேண்டிய வேலை மிச்சம்!