அஞ்சு வருது, அஞ்சு போகணும்

சென்னையை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே குடித்தனம், மேலே பத்துப் பேருக்குள் நடக்கும் மென்பொருள் கம்பெனி. பக்கத்துப் பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தாயிற்று. வாடகைக் கணக்குப் பார்த்து இவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். எடுப்பதெல்லாம் பிக்சட் பிரைஸ் வேலை. முதலில் பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வராது. செய்கிற முறையோ அஜைல். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து செய்வதே மேல் என்கிறது. தொகையும் தேதியும் கையெழுத்தாகிவிட்ட இடத்தில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

அன்று டெமோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடித்த வரைக்கும் ஓட்டிக் காட்டுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையிலிருந்து கணக்குப் பார்க்கும் பெரியவர் வந்திருந்தார். பிளேட்டிங்குக்கு அனுப்பும் சரக்கின் சலான் திரையில் வந்ததுமே, "ஒரு வருஷம் ஆகப்போகுதுன்னா சிவப்பா காட்டணும்மா. ஒரு பட்டன்தானே?" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக ஜிஎஸ்டியில் கணக்காகி வரியும் வட்டியும் விழும்.

ஓ.எம்.ஆர் ஐ.டி. கம்பெனிகளில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த டீம் லீட் அம்மா பட்டன் பேச்சுக்கே போகவில்லை. "ஐந்நூறு பீஸ் அனுப்புறீங்க சார். முந்நூறு திரும்புது, இருபது ஸ்கிராப். மிச்சம் நூத்தி எண்பது எந்தச் சலான்ல நிக்குது? அதே பார்ட்டிக்கு அடுத்த மாசமும் அனுப்பியிருப்பீங்களே?"

பெரியவர் யோசித்தார். வரவை எந்தச் சலானில் கழிப்பது என்று பட்டறையில் அதுவரை யாரும் முடிவே பண்ணியதில்லை. பழைய சலானில்தான் முதலில் கழியவேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

லீட் ஒரு சீட்டில் வேலையை எழுதி, அதன் அளவுக்கு மதிப்பாக ஓரத்தில் 5 என்று போட்டார். "அஞ்சு வருது, அஞ்சு போகணும்." சுவரில் இன்னும் கை வைக்காத சீட்டுகள் ஒட்டியிருந்தன. பெரியவர் ஒவ்வொன்றாகப் படித்து, முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டு, கலர் கிராப் பக்கத்தையும் எஸ்எம்எஸ்ஸையும் பிய்த்துக் கொடுத்தார். மூன்றும் இரண்டும் ஐந்து. வந்ததையும் போனதையும் ஒரு நோட்டில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். என்னைக் கேட்டால் இங்கே அஜைல் என்பது அந்த நோட்டுதான். காலையில் நின்றுகொண்டே பேசும் கூட்டமெல்லாம் ஜோடனை.

அரசு டெண்டரில் இப்படி மாற்றிக்கொள்வது லேசில் செல்லாது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. எல்லோரும் ஒரே பட்டியலுக்கு விலை சொல்லி, குறைந்த விலைக்கு வேலை போன பிறகு, நடுவில் ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அந்தப் பக்கமே இவர்கள் போவதில்லை.

டெஸ்டிங் பார்க்கும் பெண்ணுக்கு மட்டும் அந்த நோட்டின் மேல் வருத்தம். "கிராப் தப்பா வந்தா பார்த்ததும் தெரிஞ்சிடும்ணா. இதுல பாதி வரவு, ஸ்கிராப், ரெண்டு சலான்னு எல்லாத்தையும் போட்டுப் பார்க்கணும். கோடு எழுதறவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு சரியாப் போச்சு. எனக்கு?"

லீட் மறுக்கவில்லை. அடுத்த வேலைக்கு மதிப்புப் போடும்போது அவரையும் உட்கார வைப்பதாகச் சொன்னார். இந்த வேலையின் டெலிவரி தேதி மாறாது. அதுவரை அந்தப் பெண் சனிக்கிழமையும் வரவேண்டும்.