நாயின் கண்மட்டம்

விடிகாலையில் பட்டியில் வெள்ளாடு அலறினால் எழுந்து ஓடிவிடலாம். செம்மறி அலறாது. கடிபடும்போதும் மூலையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கும். வெள்ளக்கோவிலுக்குத் தெற்கே எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அன்றைக்கு நான் எழுந்து போனபோது எல்லாம் முடிந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஒன்பது மேச்சேரி ஆடுகள் கிடந்தன. அதில் இரண்டு சினை.

பொழுது விடிந்ததும் மாமா வந்து பார்த்தார். "நரிதான் மாப்ள. பேசாம ஒரு துப்பாக்கி வாங்கிரு" என்றார். ஊரில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள். அந்த யோசனையை நான் உடனே தள்ளவில்லை. எனக்குத் துப்பாக்கி பிடிக்கும். திருப்பூரில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டிருக்கிறேன். குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை இழுக்காமல் மெல்ல அழுத்திச் சுடுகிற அந்த ஒழுங்கு இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. எங்கள் அப்பாருவிடமும் உரிமம் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய வகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பயிர்க்காவலுக்கென்று தனியாகக் குறிப்பிடுகிற துப்பாக்கி அதுதான். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார்.

அதனால் எந்த ரைபிள், எந்தக் கேலிபர் என்ற கேள்வியை முழுதாகவே யோசித்துப் பார்த்தேன். உரிமம் இல்லாமல் கிடைக்கிற .177 ஏர்கன்னின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக்கூடாது. எலிக்கும் டின்னுக்கும் அது போதும். நாயையோ நரியையோ அதனால் சுட்டால் காயத்தோடு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். .22 குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். சின்னது என்று நினைப்போம், குறி தப்பினால் ஒரு மைலுக்கு மேல் போகும். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் நரிக்கு எடுக்கிற .223 ரைபிளின் குண்டு மூன்றரை கிராம்தான், ஆனால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகம். அங்கே சுடுகிறவனுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம், விலங்கின் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறதா என்று பார்ப்பது. என்.சி.சி.யிலும் மண்மேடு இல்லாமல் நாங்கள் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

எங்கள் சீமையில் மேடு எங்கே இருக்கிறது? காங்கயத்திலிருந்து மூலனூர் வரைக்கும் தட்டையான மானாவாரிக் காடு. கொறங்காட்டுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை ராத்திரி முழுக்க ஓடுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்துப் பனியன் கம்பெனியிலிருந்து வண்டியில் வருகிற பிள்ளைகள் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி வழியாகத்தான் வீடு போய்ச் சேருகிறார்கள். இருட்டில் இரண்டு கண் மின்னுகிறது என்று நான் விரலை அழுத்தினால் அந்தக் குண்டு யார் வீட்டு வாசலில் போய் நிற்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற கேலிபர் எதுவும் இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. நரியும் குள்ளநரியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. ஆஸ்திரேலிய நரி வேட்டைக்காக வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுபோய் விட்ட வந்தேறி. அந்த மண்ணின் சிற்றுயிர்களை அது அழிக்கிறது, அதைக் குறைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. நம் குள்ளநரி இந்த மண்ணுக்கே சொந்தம். பூனையைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. வெள்ளெலி, வெட்டுக்கிளி, ஈசல், இலந்தைப்பழம் என்று தின்று திரியும். முப்பது கிலோ ஆட்டை அது என்ன செய்துவிட முடியும்?

இதற்கெல்லாம் முன்னால், வந்தது யார் என்று மண்ணைக் கேட்க வேண்டும். அன்றைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு பட்டியைச் சுற்றி நடந்தேன். நரியின் முன்னங்கால் தடத்தில் நடுவிரல் இரண்டின் மெத்தையும் பின்பக்கம் ஒட்டியிருக்கும். தடம் ஒடுக்கமாக, ஒரே கோட்டில் போகும். நாயின் தடம் அகலம், விரல் விரிந்திருக்கும், நேராக நடக்காது. ஈரமண்ணில் நாங்கள் பார்த்தவை எல்லாம் அகலத் தடங்கள், நாலைந்து அளவுகளில். கடியும் அதையே சொன்னது. நரி கழுத்தைப் பிடிக்கும், ஒன்றை அடித்துத் தின்றுவிட்டுப் போகும். இங்கே தொடையிலும் காதிலும் பின்சப்பையிலும் கண்டபடி கடித்து, ஒன்றைக்கூடத் தின்னாமல் போட்டிருந்தது. தெருநாய்க் கூட்டம்.

அந்த நாய்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கறிக்கடைக் கழிவை மூட்டைகட்டி ராத்திரியில் ஓடையிலும் ரோட்டோரத்திலும் கொட்டிவிட்டுப் போகிறோம். அந்த ருசியில் கூட்டம் சேர்ந்த நாய், கழிவு கிடைக்காத நாளில் பட்டிக்கு வருகிறது. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் வட்டாரத்தில் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்ததைத் தமிழ்நாடே பார்த்தது. நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். அந்த வேலையும் கழிவை நிறுத்துகிற வேலையும் ஊர்கூடிச் செய்ய வேண்டியவை. அதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு ராத்திரி என் பட்டியை நான்தான் காக்க வேண்டும்.

என் கையில் இருக்கிற ஆயுதம் கிளுவை.

கொறங்காடு என்றால் மூன்று சேர்ந்தது: தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்தது இந்த மூன்றின் மடியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற கொஞ்ச மழையை வைத்துக்கொண்டு வறட்சியைத் தாண்டத் தெரிந்தவை மூன்றுமே. கோடையில் கிளுவை இலை உதிர்த்துச் செத்ததுபோல நிற்கும். ஒரு மழை விழுந்தால் நாலாம்நாள் பச்சை.

நான் புரட்டாசியில் நடுவதற்குக் கிளுவைப் போத்து வெட்டுவேன். கைக்கட்டை விரலுக்குமேல், மணிக்கட்டுக்குக் கீழ், அந்தத் தடிமன். நாலடி நீளம். வெட்டுவாயில் பால் கசிந்து சாம்பிராணிபோல மணக்கும். அது காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவைக்க வேண்டும். பச்சையாக நட்டால் அழுகிவிடும். ஓரடி ஆழம், சாண் இடைவெளி, இரண்டு வரிசை. முன்வரிசைச் சந்துக்கு நேரே பின்வரிசைப் போத்து வர வேண்டும். மூன்று வருசம் வெள்ளாட்டை அந்தப் பக்கம் விடக்கூடாது, தளிர் என்றால் அதற்கு உயிர். பிறகு வருசா வருசம் தோள் உயரத்தில் கவாத்து. அதைத்தான் இப்போது எல்லோரும் விட்டுவிட்டோம். பிள்ளைகள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், வேலி வெட்ட ஆள் இல்லை. வெட்டாத கிளுவை மரமாக மேலே ஓடி, அடி தெளிந்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டைச்சுவர். கீழே நாய் படுத்து நுழைகிற அளவுக்குச் சந்து.

அப்பாரு வேலியைக் குனிந்துதான் பார்ப்பார். தரையில் கையூன்றி, தாடை மண்ணில் படுகிற மாதிரி படுத்துவிடுவார். "நின்னு பாத்தா எல்லா வேலியும் நல்ல வேலிதாங் கண்ணு. நாய் மட்டத்துல கண்ண வெச்சுப் பாரு" என்பார். ஒன்பது ஆடு போனபிறகுதான் நான் முதல்முறையாக அப்படிப் படுத்தேன்.

படுத்தும் பகலில் சரியாகத் தெரியவில்லை. அப்போது நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனி ஞாபகம் வந்தது. இருபது வருசமாக நான் நிட்டிங்கில் இருக்கிறேன். 24 கேஜ் மெஷினில் அங்குலத்துக்கு 24 ஊசி. அதில் ஒன்று உடைந்தால் துணி முழுக்க ஒரு கோடு ஓடும். கையில் விரித்துப் பார்த்தால் கண் ஏமாறும். அதனால் துணியை அடியிலிருந்து விளக்கு எரிகிற செக்கிங் மெஷினில் ஓட்டுவோம். ஓட்டை எங்கே இருந்தாலும் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்று ராத்திரி என் மகனை டார்ச்சோடு இட்டேரியில் வேலிக்கு வெளியே நடக்கச் சொன்னேன். உள்ளே நான் மண்ணில் தாடை வைத்துத் தவழ்ந்தேன். கிளுவையின் அடியில் அங்கங்கே வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னச் சின்னதாகப் பதினான்கு இடம். பதினைந்தாவது, மழைத்தண்ணீர் வேலியைக் கடக்கிற வாய்க்கால். அதில் டார்ச் முழுசாகத் தெரிந்தது. விளிம்பு முள்ளில் செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் போகவும் நாய் போகாமலும் இருக்கக் கல் அடுக்கினோம். மற்றச் சந்துகளுக்குப் பக்கத்துக் கிளையைப் பாதி வெட்டி வளைத்துத் தரையோடு படுக்க வைத்துக் கட்டினோம்; பாதிப் பட்டையில் உயிர் ஓடி, படுத்த கிளையிலிருந்து முள்ளும் தளிரும் எழும். அது எழும்வரை வேலாமுள். பட்டிக்கு மூங்கில் படலை மாற்றி, அடியில் தகரம் அடித்தேன். ஒரு கோம்பை நாய்க்குட்டியும் வாங்கினேன். காவலுக்குக் காது முக்கியம்; ராஜபாளையம் வகையில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் வருவதுண்டு. எந்த வகைக் குட்டியாக இருந்தாலும் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாசத்துக்கு ஒருமுறை, அமாவாசையை ஒட்டி, மகனும் நானும் டார்ச் நடை போகிறோம். மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. போன கார்த்திகையில் மழைவிட்ட காலை, வேலிக்கு வெளியே இட்டேரியின் ஈரமண்ணில் ஒரு தடவரிசை கிடந்தது. ஒடுக்கமான தடம், நடுவிரல் மெத்தை இரண்டும் ஒட்டியிருந்தது. ஒரே கோட்டில் வேலியோரமாகவே வந்து, வாய்க்கால் கல்லருகே ஒருமுறை நின்று, திரும்பாமல் நேராக மேற்கே போயிருந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தடத்துக்குப் பக்கத்திலேயே மண்ணில் கையூன்றி, வேலிக்கு அடியில் கண்ணை வைத்தார்.