சேறு தந்த பாடம்

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டனர். அறிவியல்தான் எழுதுகிறேன், ஆனால் ஆய்வுக்கூடத்தில் கற்றதை அன்று, சூரியநெல்லிச் சேற்றில் கற்றதை.

நான் இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பாட்டனார் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். எங்கள் எல்லைப்புறத்தின் விந்தையைக் கேளுங்கள். கொழுக்குமலைத் தோட்டம் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில் உள்ளது. அங்கு ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. பாலக்காட்டு நண்பர்கள் இதன் மறுபக்கத்தை அறிவர். பரம்பிக்குளம் அவர்கள் மாவட்டம்; ஆயினும் வண்டியில் செல்ல வேண்டுமானால் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் செல்ல வேண்டும். மலை விட்ட வழியிலேதான் எங்கள் வாழ்வு.

ஓர் ஆனி மாதம், இரண்டு நாள் விடுப்பில் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தலைப்பிரசவத்திற்கு அக்காள் வந்திருந்தாள். நாள் இன்னும் இருக்கிறதென்று நாங்கள் எண்ணியிருக்க, இரவு 11 மணிக்கு வலி கண்டுவிட்டது. வெளியே விடாத மழை. அத்தான் எர்ணாகுளத்திலிருந்து கொண்டுவந்த புதிய கார் வாசலில் நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார் அது. “கவலை வேண்டாம்” என்று நான் பெருமையோடு முன்னால் ஏறிக்கொண்டேன்.

லயத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மண் பாதையின் பாதியில் கார் நின்றது. அத்தான் மிதிக்கிறார், எஞ்சின் உறுமத் தொடங்கி உடனே அடங்கிவிடுகிறது. பின்னால் அக்காளின் முனகல்.

கை விளக்கோடு வந்தார் ஜீப் ஓட்டும் பெரியப்பா. அவருடைய ஜீப்பின் கியர்ப் பெட்டி அன்று கழற்றிக் கிடந்தது. குனிந்து சக்கரங்களைப் பார்த்தவர், “கார் சறுக்குற மாதிரி படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும். அதை அமுக்கிப் பிடிங்க மாப்பிள்ளை” என்றார்.

நான் விடுவேனா? “வழுக்காம இருக்கத்தானே பெரியப்பா அது? அதை நிறுத்தினா பள்ளத்துல போயிருவோம்!” என்றேன்.

“சேத்துல சக்கரம் சுத்தணும்டா தம்பி. சுத்தாம எப்படி ஏறும்?”

நான் உராய்வு விதியை எடுத்துரைத்தேன். அத்தான் யார் சொல்வதைக் கேட்பதென்று திகைத்தார். கால் மணி நேரம் கழிந்தது. அக்காள் என் தோளைப் பற்றி, “போதும்டா தம்பி, முடியல” என்றாள். அப்பொழுதுதான் என் வாய் மூடியது.

பெரியப்பா சக்கரங்களுக்கு முன்னே கல்லும் சுள்ளியும் இட்டார். அத்தான் பொத்தானை அழுத்தினார். “ஸ்டீயரிங்கை நேராப் பிடிங்க. ஒரே சீரா மிதிங்க.” சக்கரங்கள் சுழன்றன. தள்ளி நின்ற பெரியப்பாவின் மேலெல்லாம் சேறு. கார் ஏறிவிட்டது!

தார்ச்சாலையில் அவர் மூச்சிரைக்க ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். “மறுபடியும் அமுக்குங்க மாப்பிள்ளை. தார்ல அது வேணும். போடிமெட்டு இறக்கத்துல அதுதான் காப்பாத்தும்.”

பூப்பாறை கடந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி, போடியை அடைந்தோம். மருத்துவமனைக்குள் நுழைந்த அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது. அந்த அரை மணியிலிருந்து நான் வாதாடிய கால் மணியை இன்றும் கழித்துப் பார்க்கிறேன். இன்னும் சற்று வாதாடியிருந்தால் அக்குழந்தை எந்த வளைவில் பிறந்திருக்கும்?

பிறகுதான் படித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் முறையை பாஷ் நிறுவனம் 1978-இல் கொணர்ந்தது. சக்கரம் வீணே சுழல்வதைத் தடுக்கும் அந்நிறுவனத்தின் டிராக்ஷன் கண்ட்ரோல் 1986-இல் வந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் உணரிகள் அளக்கின்றன. ஒன்று மட்டும் மிகுதியாகச் சுழன்றால் கருவி அதனைப் பிரேக்கால் பிடிக்கிறது. எஞ்சினின் விசையையும் குறைக்கிறது. நனைந்த தாரில் இஃது உயிர் காக்கும். அங்கே சக்கரம் கட்டின்றிச் சுழன்றால் முன்செல்லும் பிடிப்போடு பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும்.

சேற்றின் நிலை வேறு. டயரின் வரிப்பள்ளங்களில் சேறு அடைத்துக்கொள்கிறது. சக்கரம் சுழன்றால்தான் அது சிதறி, டயர் அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பற்றும். கருவியோ சுழற்சியை மட்டும் கண்டு விசையைக் குறைக்கிறது. வண்டி பாதியில் நின்றுவிடுகிறது. கார் செய்தவர்களும் இதனை அறிவர். அதற்காகவே அந்தப் பொத்தானை வைத்துள்ளனர். காரோடு தந்த கையேட்டிலும் இது எழுதியிருந்தது. நாங்கள்தான் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: நெடுநேரம் சுழலவிட்டால் வண்டி அச்சு வரை புதைந்துவிடும்.

உராய்வு விதி பொய்யன்று, நண்பர்களே. எந்தத் தரையில் நிற்கிறோம் என்று பாராமலே அதனைச் சொன்னேன். அதுவே என் பிழை.

அடுத்த விடுப்பில் உணரிகளைப் பற்றிப் பெரியப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்போ அதுக்குச் சக்கரம் தெரியுது, பாதை தெரியல.”

என்னையும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ! நான் மறுமொழி கூறவில்லை.