மனுவைச் சேர்க்கக் கூலி எதற்கு?

"உங்கள் இணையதளத்தை ஆயிரம் தேடுபொறிகளில் சேர்த்துத் தருகிறோம், கட்டணம் ஐயாயிரம் ரூபாய்" என்று வரும் மின்னஞ்சலைத் தளம் வைத்திருக்கும் பலரும் பார்த்திருப்பீர்கள். கட்டலாமா என்று கேட்டால் என் பதில், வேண்டாம் என்பதுதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுத்தராக வேலை பார்த்தவன். அலுவலகத்துக்கு வரும் மனுவுக்கு மூன்று கட்டம் உண்டு. தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்குவது ஒன்று. பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுவது இரண்டு. அதிகாரி படித்து உத்தரவு போடுவது மூன்று. தபாலில் மனு சேர்ந்துவிட்டது என்பதற்காக உத்தரவு கைக்கு வந்துவிடாது.

தேடுபொறியும் அப்படித்தான். தளத்தின் முகவரியைத் தெரிவிப்பது தபால். அதன் நிரல் வந்து பக்கங்களைப் படித்து அட்டவணையில் ஏற்றுவது பதிவு. யாரோ தேடும்போது முதல் பக்கத்தில் காட்டுவதா, பத்தாம் பக்கத்தில் காட்டுவதா என்பது உத்தரவு. காசு வாங்குகிறவர் செய்வது முதல் வேலையை மட்டும். அதைக் கூகுளும் பிங்கும் உரிமையாளருக்கு இலவசமாகவே செய்து தருகின்றன. காசு கொடுத்தால் மேலே ஏற்றிவிடுவோம் என்ற ஏற்பாடு தங்களிடம் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருந்தது. யாஹூ டைரக்டரியை மனிதர்கள் உட்கார்ந்து தொகுத்தார்கள். வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கினார்கள். அது 2014இல் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் இலவசமாக நடத்திய டிமோஸ் 2017இல் நின்றது. அல்டாவிஸ்டா 2013லேயே போய்விட்டது. யார் வேண்டுமானாலும் முகவரி எழுதிப் போடலாம் என்றிருந்த பொதுப் படிவத்தைக் கூகுள் 2018இல் எடுத்துவிட்டது. கடை மூடிய பிறகும் தரகர் மட்டும் வாசலில் நிற்கிறார்.

அந்த ஆயிரம் தேடுபொறிகள் எவை? யாஹூவில் தேடினால் வருவது பெரும்பாலும் பிங்கின் முடிவு. டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருந்த மாதிரிதான்.

என் அண்ணன் மகள் வீட்டில் ஊறுகாயும் வடகமும் போட்டு விற்கிறாள். கணவர் இறந்தபின் அதுதான் குடும்ப வருமானம். தளம் தொடங்கி நான்கு மாதமாகியும் கடைப் பெயரைத் தேடினால்கூட வரவில்லை. "சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டாள். கட்டுவதற்கு முன் காரணத்தைப் பார்ப்போம் என்றேன். அவளுடைய தளம் வேர்ட்பிரஸில் செய்தது. அதன் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கட்டம் உண்டு. தளம் செய்து கொடுத்த பையன் வேலை நடக்கும்போது அதில் டிக் போட்டவன், முடிந்தபின் எடுக்கவில்லை. வாசலில் 'உள்ளே வராதே' பலகை தொங்கும்போது ஆயிரம் பேரை அழைத்து என்ன பயன்?

டிக்கை எடுத்தோம். கூகுள் சர்ச் கன்சோலில் தளம் அவளுடையது என்று நிரூபித்து, தளவரைபடத்தைக் கொடுத்தோம். ஒரு மணி நேர வேலை, செலவு இல்லை. பத்து நாளில் கடைப் பெயருக்குத் தளம் வந்தது. 'மாங்காய் ஊறுகாய்' என்று தேடினால் இன்னும் வராது. அது உத்தரவுக் கட்டம். நல்ல பக்கங்களும், மற்றவர்கள் கொடுக்கும் இணைப்புகளும், காலமும் வேண்டும்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் தேடுபொறியில் இடம்பிடிக்கும் வேலைக்கு 'ரெஃபெரான்ஸ்மான்' என்று பெயர். தானாக வருவதை 'நத்துய்ரெல்' என்றும், காசுக்கு வருவதை 'பேயான்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். காசுக்கு வருவது விளம்பரம். விளம்பரம் என்று எழுதியே காட்டுவார்கள். அதற்குச் செலவழிப்பதில் தவறில்லை, நாம் எதை வாங்குகிறோம் என்று தெரிகிறது. பண்டத்தை நல்ல படம் எடுக்க, விவரத்தைத் தெளிவாக எழுத ஆள் வைத்தாலும் காசு வீணாகாது.

ஐயாயிரம் கேட்கிறவரிடம் அந்த ஆயிரம் தேடுபொறிகளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டியல் வந்தால், அதில் நீங்கள் ஒருநாளாவது தேடிய பெயர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் முடிவு உங்களுடையது.