இரவுக் கடற்கரையில் ஒரு ரொக்கெட்

2016 ஜூலை 18, நள்ளிரவு 12.45. புளோரிடாவில் கொக்கோ கடற்கரை மணலில் அக்காவுடன் இருந்தேன். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் பல்கன் 9 ரொக்கெட் வடக்கே, கேப் கனவரலில் கிளம்பியது. வெளிச்சம் முதலில், சத்தம் ஆறுதலாகத்தான் வந்தது.

இரண்டரை நிமிடமளவில் கீழ்ப்பகுதி கழன்று, எஞ்சின்களை மறுபடி எரித்துத் திரும்பியது. பதினைந்து மாடி உயரமான அது எட்டாவது நிமிடத்தில் நாலு கால்களை விரித்துத் தரையிறங்கியது.

உடனே 'டும், டும்' என்று அதிர்ந்தது. ஒலியை விட வேகமாக வருவதால் எழும் முழக்கம். அக்கா முன்பே சொல்லித்தான் இருந்தா. ஆனாலும் நான் குப்புறப் படுத்துவிட்டேன்.

"எழும்பு, அது வந்து இறங்கின சத்தமடி."

பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் கைதட்டித் துள்ளினார்கள்.

அதே கீழ்ப்பகுதி 2018 பெப்ரவரியில் மறுபடி பறந்தது. தொலைக்காட்சியில் பார்த்தேன், சத்தத்தைக் குறைத்துவிட்டு.